பழைய காரில் இனம் தெரியாத பிரேக் பாகம்: அடையாளம் காண்பது எப்படி?

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ ஆசைப்பட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் பெங்களூரில் நிறையப் பேர். தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அல்சூர் பக்கமும் ஃப்ரேசர் டவுன் பக்கமும் இன்னும் உண்டு. வண்டியைத் திரும்ப ரோட்டில் இறக்கலாம் என்று நினைத்ததும் எல்லோரும் பெயின்ட், சீட், இன்ஜின் என்றுதான் போகிறார்கள். பிரேக் கடைசியில் வருகிறது. தயவுசெய்து அதை முதலில் பாருங்கள். இன்ஜின் மக்கர் செய்தால் வண்டி ஓடாது, அவ்வளவுதான். பிரேக் மக்கர் செய்தால் வண்டி நிற்காது.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், டிரம்மை (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் கிண்ணம்) கழற்றிப் பார்க்கும்போது உள்ளே இருப்பது புத்தகத்துப் படம் மாதிரி இருப்பதில்லை. ஐம்பது வருஷ வண்டி நாலைந்து கை மாறியிருக்கும். அந்தந்தக் காலத்து மெக்கானிக்குகள் அன்றைக்கு பெங்களூரின் வண்டிப் பாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் என்ன கிடைத்ததோ அதை மாட்டியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரிஜினல் பாகம் கண்ணிலேயே படாத காலத்தில் இந்த வண்டிகளை ஓட வைத்தது அவர்கள்தான். ஆனால் என்ன மாட்டினார்கள் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வண்டியின் பெயரை வைத்துப் பாகத்தைத் தேடாதீர்கள், பாகத்தின் அளவை வைத்துத் தேடுங்கள். கடையில் போய் "பத்மினி வீல் சிலிண்டர்" (மிதிக்கும்போது பிரேக் ஷூவை டிரம் மேல் தள்ளும் உருளை) என்று கேட்டால் பத்மினிக்கு உரியதைத் தருவார்கள். உங்கள் பத்மினியில் இப்போது இருப்பது அதுதானா என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

கழற்றும் முன்

சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். பின்சக்கர டிரம்மை எடுக்க ஹேண்ட்பிரேக்கை விட்டாக வேண்டும். அதனால் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். செங்கலை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். செங்கல் முன்னறிவிப்பே இல்லாமல் பிளந்துவிடும், வேண்டவே வேண்டாம்.

டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் பிடித்தும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேல் டிரம்மோடு உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. முகமூடி போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம்.

அப்புறம் போட்டோ. எதையும் அசைக்கும் முன் நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலிருந்து ஒவ்வொன்று. ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரியுங்கள், அடுத்த பக்கம் மாதிரிக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நாலு சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.

முதலில் முழு அமைப்பு

பாகத்தைக் கையில் எடுக்கும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) ஒரு பைப் கிளம்பிப் போய்ப் பிரிகிறதா, இல்லை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகக் கிளம்புகிறதா? ஒரே வழி என்றால் எங்கே ஒழுகினாலும் மொத்தப் பிரேக்கும் போய்விடும். பழைய வண்டிகளில் அப்படித்தான் இருந்தது. பின்னால் யாரோ ஒருவர் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருந்தால் அது வேறு வண்டியின் பாகம், அதன் அளவைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) இருக்கிறதா, இன்ஜின் மேனிஃபோல்டிலிருந்து அதற்குக் குழாய் போகிறதா என்பதையும் பாருங்கள். முன்சக்கரத்தில் டிரம்முக்குப் பதில் டிஸ்க் (தட்டு) இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அம்பாசடரில் இசுசூ இன்ஜின் வந்த பிறகு முன்பக்கம் டிஸ்க் கம்பெனியிலேயே வந்தது. அதற்கு முந்தைய வண்டியிலோ பத்மினியிலோ டிஸ்க் இருந்தால் அநேகமாகப் பின்னால் மாற்றியதுதான்.

எழுத்தைப் படிக்கும் வேலை

பிரேக் பாகங்கள் பெரும்பாலும் வார்ப்பில் வந்தவை. வார்க்கும்போதே அதன் மேல் எழுத்தும் எண்ணும் புடைப்பாக வந்திருக்கும். கறை, பெயின்ட், துரு எல்லாம் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

வீல் சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம், மெல்லிய எழுத்தைத் தின்றுவிடும். பிரேக் கிளீனரால் துடைத்துக் காய விடுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பருக்கு ஆகாது, பிரேக் பாகத்துப் பக்கம் அவற்றைக் கொண்டுவராதீர்கள். காய்ந்த பிறகு ஒரு சாக்பீஸைப் படுக்க வைத்து மேலே தேய்த்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக அடியுங்கள். சாம்பல் நிற இரும்பாகத் தெரிந்த இடத்தில் புடைப்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். முதலில் ஒரு கம்பெனிப் பெயரின் பாதி, அதன் கீழே ஆறேழு இலக்க எண், ஓரத்தில் தனியாக ஒரு பின்னம்: 3/4 அல்லது 7/8. அந்தப் பின்னம்தான் உங்களுக்குத் தேவை. நீளமான எண் பெரும்பாலும் வார்ப்பு எண், பார்ட் நம்பர் அல்ல. ஒரே வார்ப்பைப் பல அளவில் குடைந்து பல வண்டிக்கு விற்பார்கள். அதனால் அந்த எண்ணை இணையத்தில் தேடிக் கிடைத்ததை அப்படியே நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

கம்பெனிப் பெயரும் அவ்வளவாக உதவாது. கர்லிங் (லூகாஸின் பிரேக் பிராண்டு) என்று இருந்தால் இங்கிலாந்துச் சரக்கு என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். பிரேக்ஸ் இந்தியா என்ற கம்பெனியை டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962இல் சென்னை பாடியில் தொடங்கின. கர்லிங் பெயரில் அங்கிருந்தே பாகங்கள் வந்தன. நம் ஊர் பாகத்தில் அந்தப் பெயர் இருப்பதில் எந்தக் கோளாறும் இல்லை, நல்ல தரமான சரக்குதான். ஆனால் பெயரை மட்டும் வைத்து எந்த நாடு, எந்த மரை, எந்த அளவு என்று முடிவு கட்ட முடியாது. லாக்ஹீட் என்ற இன்னொரு பிரேக் பெயருக்கும் இதே கதைதான். பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அளவெடுப்பது

ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். டிஜிட்டல் என்றால் இன்னும் வசதி. இந்த வேலையில் அதைவிட உதவும் கருவி கிடையாது.

சிலிண்டரின் ரப்பர் மூடி, பிஸ்டன், ஸ்பிரிங், கப் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உள்விட்டத்தை, அதாவது போரை, அளக்க வேண்டும். பிஸ்டனை அளந்து ஒப்பேற்ற வேண்டாம், அது எப்போதும் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும். வாயில் துருவும் தேய்மானமும் இருக்கும் என்பதால் வெர்னியர் தாடையைக் கொஞ்சம் உள்ளே விட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளங்கள். வருகிற அளவு பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும்: 15.87 மி.மீ. என்றால் 5/8 இன்ச், 17.46 என்றால் 11/16, 19.05 என்றால் 3/4, 20.64 என்றால் 13/16, 22.22 என்றால் 7/8, 23.81 என்றால் 15/16, 25.4 என்றால் ஒரு இன்ச்.

இதில் ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். ஜெர்மன், இத்தாலிய வண்டிகள் மெட்ரிக்தானே, அதில் ஏன் இன்ச் கணக்கு? ஹைட்ராலிக் பிரேக் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த தொழில்நுட்பம். மற்ற நாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டபோது சிலிண்டர் அளவை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பீட்டில் காரின் வீல் சிலிண்டரை 22.2 மி.மீ. என்று எழுதியிருப்பார்கள், அது அச்சு அசலாக 7/8 இன்ச்தான். ஆகவே போர் அளவு எந்த நாட்டு வண்டி என்று சொல்லாது. எந்த கிட் (கப் முதலான ரப்பர் பாகங்களின் செட்) வாங்க வேண்டும் என்று சொல்லும்.

வார்ப்பில் 7/8 என்று இருக்கிறதே, அப்புறம் எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். நம் ஊரில் ஸ்லீவ் போடும் பழக்கம் உண்டு. உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்த சிலிண்டரை லேத்தில் பெரிதாகக் குடைந்து, பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ ஒரு குழாயை இறுக்கி உட்கார வைப்பார்கள். நல்ல வேலை, சரியாகச் செய்தால் புதுசை விட அதிக நாள் உழைக்கும். ஆனால் ஸ்லீவ் போட்டவர் பழைய அளவுக்கே கொண்டுவந்தாரா, கையில் இருந்த கப்புக்கு ஏற்ற மாதிரி ஒரு சுற்றுக் குறைத்துவிட்டாரா என்பது அவருக்குத்தான் தெரியும். சிலிண்டரின் வாயை உற்றுப் பாருங்கள். உலோகத்தின் நிறம் ஒரு மெல்லிய வட்டக் கோடாக மாறியிருந்தால் அது ஸ்லீவ். அங்கே வார்ப்பில் உள்ள எண்ணை மறந்துவிட்டு வெர்னியர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் கப்பின் முதுகிலும் அளவு அச்சாகியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு பக்கம் 3/4, எதிர்ப்பக்கம் 7/8 என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் வித்தியாசம் 3 மி.மீ.தான். ஆனால் தள்ளும் விசை பரப்பைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 7/8 சிலிண்டர் 36 சதவீதம் அதிகமாகத் தள்ளும். அவசரத்துக்குப் பிரேக்கை மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஈரமான ரோட்டில் சுற்றிவிடும். "ஷூ அட்ஜஸ்ட் பண்ணினால் சரியாகிவிடும்" என்று சொல்லி மாதக்கணக்கில் அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டிருக்கும் வண்டிகளில் காரணம் இதுவாக இருக்கலாம். எந்த அட்ஜஸ்டரும் இதைச் சரி செய்யாது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரமும் ஒரே போர், ஒரே லைனிங். இதில் சமரசம் கிடையாது.

மாஸ்டர் சிலிண்டருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அதன் போர் பெரிதானால் பெடல் கல் மாதிரி இருக்கும், காலுக்கு அதிக பலம் வேண்டும். சிறிதானால் மிதிக்க இதமாக இருக்கும், ஆனால் பெடல் அடிவரைக்கும் போகும். புதிதாக வாங்கிய வண்டியின் பெடல் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் மாஸ்டரை வேறு வண்டியிலிருந்து மாற்றியிருக்கிறார்களா என்று அளந்து பாருங்கள்.

மரையில்தான் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அம்பாசடர், ஹெரால்டு மாதிரி இங்கிலாந்து வம்சத்து வண்டிகளில் பிரேக் பைப் நட்டு பொதுவாக 3/8 இன்ச் யு.என்.எஃப். (நெருக்கமான இன்ச் மரை), இன்சுக்கு 24 மரை. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் எம்10 (10 மி.மீ. மெட்ரிக் மரை), மரைக்கு மரை 1 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். 11 நம்பர் ஸ்பேனர் இரண்டுக்குமே ஏறக்குறைய உட்காரும், எனவே ஸ்பேனரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

3/8 நட்டை எம்10 துளையில் விட்டால் சுலபமாக உள்ளே போகும், இறுகுவது போலவும் தெரியும். உண்மையில் மரையின் நுனியில் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. ஒரு நாள் திடீரென்று பெடலை முழு பலத்தோடு மிதிக்கும்போது அந்த அழுத்தம் நட்டைப் பிடுங்கி வெளியே தள்ளிவிடலாம். பிரேக் மிக மிக அவசியமான அந்த நொடியில்தான் அது நடக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நட்டின் மரை மேல் வெர்னியரை வையுங்கள். 9.5 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் 3/8, 10க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் எம்10. சந்தேகம் தீரவில்லை என்றால் மரை கேஜ் (பல பல்லளவுத் தகடுகள் கொண்ட கருவி) வைத்துப் பாருங்கள், சரியான தகடு வெளிச்சம் தெரியாமல் உட்காரும். துளைப் பக்கத்துக்கு, நீங்கள் அளந்து உறுதி செய்த ஒரு புது நட்டைக் கையாலேயே திருகிப் பாருங்கள். கடைசிவரை ஆட்டமில்லாமல் விரலால் போக வேண்டும். லொடலொடவென்று ஆடினாலும் தப்பு, ஸ்பேனர் கேட்டாலும் தப்பு.

மரை சரியானால் அடுத்தது பைப் நுனி. சில பைப்புகளின் நுனி புனல் மாதிரி இரண்டு மடிப்பாக விரிந்திருக்கும். மற்ற வகையில் குமிழ் மாதிரி வெளியே உப்பியிருக்கும். சிலிண்டர் துளையின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் கூம்பு மேடாக நின்றால் புனல் நுனி, குழிவாக இருந்தால் குமிழ் நுனி. மாற்றிப் போட்டுவிட்டு ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் பைப் நுனி உட்காரும் இடம் நசுங்கி, நல்ல சிலிண்டரும் குப்பைக்குப் போகும்.

ஷூவும் லைனிங்கும்

டிரம்மின் உள்விட்டத்தை அளங்கள். 203 மி.மீ. என்றால் 8 இன்ச், 229 என்றால் 9, 254 என்றால் 10. தேய்ந்ததும் லேத்தில் கடைந்ததும் சேர்ந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடியிருக்கலாம். சில டிரம்களில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். அதைத் தாண்டியிருந்தால் அந்த டிரம் ஆயுள் முடிந்தது. ஷூவின் அகலம், வளைவு, ஸ்பிரிங் துளைகளின் இடம், இரண்டு முனைகளின் வடிவம் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் ஷூவை வைத்து பென்சிலால் சுற்றிலும் வரைந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவதைவிட அந்தத் தாள் கடையில் சீக்கிரம் வேலை முடிக்கும்.

லைனிங்கின் ஓரத்தில் எண்களும் எழுத்துகளும் அச்சிட்டிருக்கும். கடைசியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வின் அளவைக் குறிக்கும். முதல் எழுத்து சாதாரண நிலைக்கு, இரண்டாவது சூடான நிலைக்கு. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இது தரத்துக்குப் போட்ட மார்க் அல்ல, ஜி என்பதால் எஃப்பைவிட உசத்தி என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் ஒரே எழுத்தா என்பதுதான் கேள்வி. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைவாக இருந்தால், நந்தி மலையிலிருந்து இறங்கும்போது டிரம் சூடாகிப் பிடிப்பு தளர வாய்ப்பு அதிகம்.

முன்சக்கரம் ஒன்றில் இரண்டு வீல் சிலிண்டர் இருந்தால் இடது, வலது பேக் பிளேட்டுகள் (ஷூவும் சிலிண்டரும் மாட்டியிருக்கும் தகடு) கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிராக இருக்க வேண்டும். யாராவது மாற்றி மாட்டியிருந்தால் முன்னால் போகும்போது பிரேக் மந்தமாகவும், ரிவர்ஸில் மட்டும் பளிச்சென்றும் பிடிக்கும்.

பழைய ஷூ எவ்வளவு கேவலமாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இரும்பு வளையாமல் இருந்தால் அதன் மேலேயே புது லைனிங் ஒட்டியோ ரிவெட் அடித்தோ தருவார்கள். உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற ஷூ உலகத்திலேயே அது ஒன்றுதான் என்றுகூட ஆகலாம்.

டிஸ்க் மாற்றிய வண்டி

டிரம் வண்டிக்கு டிஸ்க் மாட்டியிருந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில் டிஸ்க்கின் விளிம்பு, அங்கே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அடுத்தது பிரேக் காலிப்பர், அதாவது பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம். காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடதும் வலதும் இடம் மாறியிருக்கிறது. நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் பெடல் கெட்டியாகாது.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் பேடை எப்போதும் டிஸ்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும். மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்று நின்று போனால் சக்கரம் கொதிக்கும். சோதிக்க, முன்சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் முதலில் மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் பக்கம். விடுபடாமல், காலிப்பர் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் திறந்தும் இறுக்கம் போகவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டனே சிக்கியிருக்கிறது.

ஹோஸ் எப்படி இருந்தாலும் புதிதாக மாற்றுங்கள். அதன் மேல் ஐ.எஸ். 7079 அல்லது எஸ்.ஏ.இ. ஜே1401 என்று அச்சு இருக்க வேண்டும். எதுவும் அச்சில்லாத கறுப்புக் குழாய் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பிரேக்கில் மாட்டக் கூடாது.

டிஸ்க் மாற்ற நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜ் என்று பதிய, அது பழைய வடிவிலேயே பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். கழற்றிய டிரம் பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரமாகக் கட்டி வையுங்கள்.

ஆயிலையும் பாருங்கள்

ரிசர்வாயரில் (பிரேக் ஆயில் தொட்டி) என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பதை டப்பா சொல்லாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து அதில் கொஞ்சம் விட்டுக் குலுக்குங்கள். கலந்துவிட்டால் டாட் 3, டாட் 4 வகை, நமக்கு வேண்டியது அதுதான். தனியாகப் பிரிந்து நின்றால் சிலிக்கானோ மினரல் ஆயிலோ. மினரல் ஆயில் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போயிருக்கும். கப், ஹோஸ், மாஸ்டர் கிட் எதையும் விட்டு வைக்காமல் மாற்றி, பைப்பை முழுக்கக் கழுவ வேண்டும். தண்ணீரில் கலக்கும் வகை காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும், ஈரம் ஏறியதற்கு 155 போதும். பல வருஷம் நின்ற வண்டி என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவையும் எழுதிய ஒரு தாள், கழற்றிய பழைய பாகம், வெர்னியர். இந்த மூன்றோடு ஜே.சி. ரோடு போங்கள். தமிழ், கன்னடம், உருது எதில் பேசினாலும் வேலை நடக்கும். கேட்கும் விதம்தான் முக்கியம்.

"அண்ணா, முக்கால் இன்ச் போர், ரெண்டு பக்கமும் பிஸ்டன், பைப் மரை பத்துக்கு ஒண்ணு. வண்டி எதுவா இருந்தாலும் பரவாயில்லை, காட்டுங்க."

இப்படிக் கேட்டால் அனுபவமுள்ள கடைக்காரரின் முகமே மாறும். பரணிலிருந்து நாலு டப்பாவை இறக்குவார். நீங்கள் அங்கேயே அளந்து பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருஷம், எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பாருங்கள், சட்டப்படி இருக்க வேண்டும். அச்சு மங்கி, எழுத்து கோணலாக இருந்தால் விட்டுவிடுங்கள். டப்பா பழையதாக இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பரும் பழையதுதான். உலோகத்தை வைத்துக்கொண்டு கிட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

சிவாஜி நகர் குஜிரியில் (பழைய பொருள் சந்தை) பழைய டிரம், பேக் பிளேட், பிராக்கெட் தேடலாம். ஹோஸ், கப், லைனிங் அங்கே வாங்காதீர்கள்.

எவ்வளவு தேடியும் ஒரு சிலிண்டரின் இனம் தெரியவில்லை என்றால் இரண்டு வழி. உலோகம் நன்றாக இருந்தால் பீன்யா பக்கம் நல்ல லேத்தில் கொடுத்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் ஸ்லீவ் போட்டு, கிட் சுலபமாகக் கிடைக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அந்த அச்சின் இரண்டு பக்கத்தையும் பேக் பிளேட்டோடு சேர்த்து ஒரே வகையாக மாற்றுங்கள். ஒரு பக்கம் தெரிந்தது, ஒரு பக்கம் தெரியாதது என்று ஓட்டுவதற்கு என் மனம் ஒப்பாது.

மாட்டிய பிறகு

பொதுவாக மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து ஏர் எடுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி வைத்தே பெடலை நன்றாக மிதித்து ஒரு நிமிஷம் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டரின் கப் தாங்கவில்லை. வெளியே ரோட்டுக்குப் போக வேண்டாம். இறங்கவில்லை என்றால் ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரிந்துவிடும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத் தெருவில், 20 கிலோமீட்டர் வேகத்தில். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மிதியுங்கள், இழுக்கிறதா என்பது உடனே தெரியும். கொஞ்ச தூரம் போய் வந்ததும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது எதிர்ச்சக்கரம் வேலையே செய்யவில்லை.

புது லைனிங் டிரம்மோடு படிந்து உட்காரக் கொஞ்ச நாள் ஆகும். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டியபின் ஷூவை மறுபடி அட்ஜஸ்ட் செய்யுங்கள். ரிசர்வாயரில் முதல் நாள் இருந்த மட்டத்தைவிட ஆயில் தெளிவாக இறங்கியிருந்தால் வெறுமனே ஊற்றி நிரப்பாதீர்கள். எந்தச் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது என்று பார்த்து, அந்த டிரம்மைத் திரும்பக் கழற்றுங்கள்.